வரிப்பதிவேடு கைநழுவியபோது: ஹான், ரோம், குப்தப் பேரரசுகளின் வீழ்ச்சி

ஹான் சீனம், ரோம், குப்தர்களின் வட இந்தியா ஆகிய மூன்றும் சில நூற்றாண்டு இடைவெளியில் அடுத்தடுத்து வீழ்ந்தனவே, அதற்குப் பொதுவான காரணம் உண்டா, சீனம் மட்டும் மறுபடி ஒன்றானது எப்படி என்பது கேள்வி. பொதுவான காரணம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் அதுவன்று.

வழக்கமான கதை இப்படிப் போகும். மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து குதிரைவீர நாடோடிகள் கிளம்பினார்கள். கிழக்கே சியோங்னு, மேற்கே ஹன், தெற்கே ஹூணர் என்ற பெயர்களில் வந்து மூன்று நாகரிகங்களையும் இடித்துத் தள்ளினார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் நிற்காது. சியோங்னு அரசு கி.பி. 48-ல் இரண்டாகப் பிளந்தது. தெற்குப் பிரிவு ஹானுக்குப் பணிந்தது. வடக்குப் பிரிவை ஹான் படைகள் 89 முதல் 91 வரை நடந்த போர்களில் முறியடித்தன. ஹான் வம்சம் முடிந்தது 220-ல். சியோங்னு மிரட்டல் ஓய்ந்துபோன காலத்தில், உள்ளுக்குள்ளேயே அது உடைந்தது. மேற்கே ஹன் அரசன் அட்டிலா 453-ல் இறந்ததும் ஹன்களின் பேரரசு ஓரிரு ஆண்டுகளில் கரைந்துபோனது; மேற்கு ரோமின் கடைசிப் பேரரசர் பதவி இழந்தது அதற்கும் பின், 476-ல். இந்தியாவிலோ ஹூண அரசன் மிகிரகுலனை 530-ஐ ஒட்டி வீழ்த்தியபின்னும் குப்தர்கள் எழவில்லை. நாடோடிகள் பலமாக அடித்தார்கள் என்பது உண்மை. அதே அடிகளை இந்த அரசுகள் முந்தைய தலைமுறைகளில் தாங்கியிருக்கின்றன. பிற்பாடு ஏன் தாங்கவில்லை என்பதே விளக்கப்பட வேண்டியது.

ஒரு பேரரசைப் பற்றி நான் முதலில் கேட்பவை இரண்டு. வரியை வசூலிப்பது யார்? படைவீரனுக்குச் சம்பளம் கொடுப்பது யார்? இரண்டுக்கும் தலைநகரமே விடையாக இருக்கும்வரை பஞ்சம், கொள்ளைநோய், தோற்ற போர், திறமையற்ற அரசன் என எல்லாவற்றையும் அந்த அரசு கடந்துவிடும். விடை மாறியபின் சிறிய அதிர்ச்சியும் போதும். மூன்று பேரரசுகளிலும் விடை மாறியது. மாறிய விதம் வேறுவேறாக இருந்ததால், வீழ்ச்சிக்குப் பின் வந்த வாழ்க்கையும் வேறுவேறாக அமைந்தது.

மூன்றில் மிக நுணுக்கமான அரசு இயந்திரம் ஹானுடையது. கி.மு. 221-ல் சீனத்தை ஒன்றாக்கிய சின் வம்சம் பதினைந்தே ஆண்டுகளில் சரிந்தது. அது அமைத்துச் சென்ற மாவட்ட நிர்வாகத்தை ஹான் வம்சம் எடுத்துக்கொண்டு நானூறு ஆண்டுகள் ஓட்டியது. கி.மு. 124-ல் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கத் தலைநகரில் உயர்கல்விக்கூடம் நிறுவப்பட்டது. கி.பி. 2-ல் எடுத்த குடிக்கணக்கில் 1 கோடியே 22 லட்சம் குடும்பங்களும் 5 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களும் பதிவானார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மாவட்டவாரியாகக் குடும்பங்களை எண்ணி ஏட்டில் ஏற்றிய அரசு இது.

அந்த வரி அமைப்புக்குள்ளேயே ஒரு நோயும் இருந்தது. நிலவரி விளைச்சலில் முப்பதில் ஒரு பங்குதான். இவ்வளவு கருணையா என்று தோன்றும். ஆனால் தலைவரியை, வயதுவந்த ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 120 காசு என, நாணயமாகவே கட்ட வேண்டும். விளைச்சல் பொய்த்த ஆண்டில் சிறு விவசாயி கடன் வாங்குவான். அடுத்த முறை நிலத்தை விற்பான். கடைசியில் பெரிய பண்ணை ஒன்றில் குத்தகையாளாக ஒதுங்குவான். பண்ணைக்காரர் அவனிடம் விளைச்சலில் பாதியை வாங்கிக்கொண்டு, அரசுக்கு முப்பதில் ஒன்றைக் கொடுப்பார். குத்தகையாள் நாளடைவில் பதிவேட்டிலிருந்தே மறைந்துபோவான். குறைந்த நிலவரியின் பலனெல்லாம் நிலம் குவித்தவருக்கே போய்ச் சேர்ந்தது.

இது அரசுக்குத் தெரியாமல் நடக்கவில்லை. கி.பி. 9-ல் ஆட்சியைக் கைப்பற்றிய வாங் மாங் நிலமெல்லாம் அரசுடைமை, வாங்கவோ விற்கவோ கூடாது என்று ஆணையிட்டார். மூன்றே ஆண்டுகளில் ஆணையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அவரைக் கவிழ்த்தபின் ஹான் வம்சத்தை மீட்டவர் குவாங்வு பேரரசர். அவர் 39-ல் நாடு முழுதும் நில அளவைக்கு உத்தரவிட்டபோது, அதிகாரி ஒருவர் அனுப்பிய ஓலையோடு ஒரு துண்டுக்குறிப்பும் வந்து சேர்ந்தது. சில வட்டாரங்களில் விசாரிக்கலாம், ஹெனானிலும் நான்யாங்கிலும் விசாரிக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. பேரரசருக்குப் பொருள் விளங்கவில்லை. பன்னிரண்டு வயது மகன் விளக்கிச் சொன்னான்: ஹெனான் தலைநகர் வட்டாரம், அமைச்சர்கள் நிறைந்த இடம், நான்யாங் உங்கள் சொந்த ஊர், உறவினர்கள் நிறைந்த இடம், அங்கெல்லாம் யார் எவ்வளவு நிலம் வைத்திருக்கிறார்கள் என்று யார் கேட்க முடியும்? ஹானின் வீழ்ச்சியைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களைவிட இந்த ஒரு நிகழ்ச்சி எனக்கு அதிகம் சொல்கிறது. பேரரசரை அரியணை ஏற்றியவர்கள் அந்தப் பெருநிலக் குடும்பங்களே. அவர்களை அளக்க அவரால் முடியவில்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 31-ல், விவசாயிகளை ஆண்டுதோறும் திரட்டிப் பயிற்றும் முறையையும் அவர் நிறுத்தியிருந்தார். அதன்பின் எல்லைகளைக் காத்தவர்கள் கூலிப்படையினர், குற்றவாளிகள், பணிந்துவந்த நாடோடிகள். ஆக, படை ஒரு கையிலும் நிலம் இன்னொரு கையிலும் இருக்க, தலைநகரத்தில் எஞ்சியது அரண்மனைச் சண்டை. 88-க்குப் பின் அரியணை ஏறியவர்களில் பலர் சிறுவர்கள். தாய்வழி உறவினர்களும் அரண்மனை அண்ணகர்களும் (ஆண்மை நீக்கப்பட்ட பணியாளர்கள்) மாறிமாறி ஒருவரையொருவர் அழித்தார்கள். 184-ல் மஞ்சள் தலைப்பாகை அணிந்த விவசாயிகள் கலகம் செய்தபோது, அதை அடக்குவதற்காக மாகாண ஆளுநர்களுக்குப் படையும் வரியும் சேர்த்தே கொடுக்கப்பட்டன. கலகம் அடங்கியது, கொடுத்த அதிகாரம் திரும்பி வரவில்லை. வேலியே பயிரை மேயத் தொடங்கியது. 189-ல் டோங் சுவோ என்ற எல்லைத் தளபதி தலைநகர் லுவோயாங்குக்குள் நுழைந்து பேரரசரையே மாற்றினார். மறு ஆண்டு நகரம் எரிக்கப்பட்டது. பிறகு முப்பது ஆண்டுகள் பேரரசர் என்று ஒருவர் இருந்தார், யாரோ ஒரு தளபதியின் முகாமில். 220-ல் வெய் என்ற புதிய அரசை நிறுவிய சாவ் பீ அந்தப் பெயரையும் முடித்துவைத்தார்.

இங்கே ஒரு எண்ணைக் கவனிக்க வேண்டும். 157-ல் பதிவான மக்கள் ஏறத்தாழ 5 கோடியே 65 லட்சம். மூன்று நாடுகளாகச் சிதறிய சீனத்தை ஜின் வம்சம் தற்காலிகமாக ஒன்றுசேர்த்த 280-ல் பதிவானவர்கள் 1 கோடியே 61 லட்சம். போரும் நோயும் பல லட்சம் உயிர்களைக் கொண்டுபோயின என்பதில் ஐயமில்லை. ஆனால் நான்கு கோடிப் பேரும் செத்துவிடவில்லை. பெரும்பகுதியினர் பண்ணை வீடுகளின் மதில்களுக்குள், மலைக்கோட்டைகளில், தெற்குக் காடுகளில் இருந்தார்கள். அரசின் கண்ணிலிருந்துதான் மறைந்தார்கள்.

ரோமின் கதை இதன் மறுபக்கம். அங்கே வரியைப் பெரும்பாலும் தின்றது படை. அகஸ்டஸ் கி.பி. 6-ல் வாரிசுச் சொத்தின்மீது நூற்றுக்கு ஐந்து வரி விதித்து, ஓய்வுபெறும் படைவீரர்களுக்கென்றே ஒரு தனிக் கருவூலத்தைத் தொடங்கினார். மூன்று லட்சம் வீரர்களுக்குக் குறையாத நிரந்தரப் படை. அரசுச் செலவில் பாதிக்கு மேல் அதற்கே. இந்தச் சுமையைத் தாங்கியது மத்தியதரைக் கடல். எகிப்தின் தானியம், ஆப்பிரிக்காவின் தானியமும் எண்ணெயும், ஸ்பெயினின் வெள்ளி எல்லாம் கப்பலில் வந்தன. நம் முசிறியும் இந்தக் கணக்கில் உண்டு. முசிறியிலிருந்து வந்த சரக்கு தொடர்பாக இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு கடன் ஒப்பந்தம் பாப்பிரஸ் தாளில் கிடைத்திருக்கிறது. ஹெர்மாபொல்லோன் என்ற ஒரே கப்பலின் சரக்கு மதிப்பு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்). இந்தியச் சரக்கின்மீது ரோம் எடுத்த சுங்கம் நான்கில் ஒரு பங்கு. இந்திய வணிகத்தால் ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் வெளியேறுவதாக ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி வருந்தினார். அந்த வருத்தத்தை மட்டும் மேற்கோள் காட்டி, மிளகு வாங்கியே ரோம் போண்டியானது என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியில்லை. வெளியேறிய பொன்னுக்கு ஈடாக எகிப்தின் சுங்கச் சாவடிகளில் கருவூலத்துக்குப் பெரும் வருவாய் வந்துகொண்டிருந்தது.

165-ல் தொடங்கிய கொள்ளைநோயும், வடக்கிலும் கிழக்கிலும் ஒரே நேரத்தில் மூண்ட போர்களும் இந்தச் சமநிலையைக் குலைத்தன. சம்பளம் கொடுக்க நாணயத்தில் வெள்ளியைக் குறைத்தார்கள். அகஸ்டஸ் காலத்து டினாரியஸ் நாணயம் ஏறக்குறைய முழு வெள்ளி. 270-ஐ ஒட்டி அதன் இடத்தைப் பிடித்திருந்த காசில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லை. 235 முதல் 284 வரையான ஐம்பது ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட பேரரசர்கள். பெரும்பாலோர் தங்கள் வீரர்களாலேயே கொல்லப்பட்டவர்கள். பேரரசர் வலேரியன் 260-ல் பாரசீகர்களிடம் சிறைப்பட்டார்.

இவ்வளவுக்குப் பின்னும் ரோம் எழுந்தது. மூன்றாம் நூற்றாண்டோடு ரோம் முடிந்துவிட்டதுபோல் பேசுவோர் இதைத் தவறவிடுகிறார்கள். 284-ல் பேரரசரான டயோக்ளீஷியன் நிலத்தையும் ஆட்களையும் மறுபடி எண்ணி, வரியைத் தானியமாகவும் பொருளாகவும் வாங்கினார். அவருக்குப் பின் வந்த பேரரசர் கான்ஸ்டன்டைன் சாலிடஸ் என்ற தங்க நாணயத்தை நிலைநிறுத்தினார். சுமை கடுமையாக இருந்தது. ஆனாலும் வரியும் படையும் மீண்டும் தலைநகரத்தின் கையில் இருந்தன. நான்காம் நூற்றாண்டு முழுதும் அந்த அமைப்பு ஓடியது.

மேற்கு ரோமின் சாவு நாள் எது என்று கேட்டால் கோத் இனத் தலைவர் அலாரிக் ரோம் நகரைச் சூறையாடிய 410-ஐச் சொல்ல மாட்டேன். (அதற்கு முந்தைய முற்றுகையில் அவர் கேட்ட பிணைப்பொருளில் 5,000 ராத்தல் தங்கத்தோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. நம் மேற்குக் கரை மிளகு அங்கே எந்த மதிப்பில் இருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.) 476-ஐயும் சொல்ல மாட்டேன். நான் சொல்வது 439. அந்த ஆண்டு ஜெர்மானியக் குடியினரான வாண்டல்களின் அரசன் கெய்செரிக் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜைப் பிடித்தார். எகிப்தின் தானியம் ஏற்கெனவே கிழக்கு ரோமின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளுக்குத் திருப்பிவிடப்பட்டிருந்ததால் ரோமுக்குச் சோறு போட்டது ஆப்பிரிக்காதான். மேற்கின் மிகச் செழிப்பான வரிநிலமும் அதுவே. அது போனதும் விளைவு உடனே தெரிந்தது. 444-ல் மேற்கின் பேரரசர் மூன்றாம் வேலன்டினியன், இருக்கும் வருவாய் படைக்குப் போதவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லி ஒரு புதிய விற்பனை வரியைப் போட்டார். வாண்டல்களோடு செய்த உடன்படிக்கையில் திரும்பக் கிடைத்த வட ஆப்பிரிக்கப் பகுதிகளான நுமிடியாவிலும் மௌரிடானியாவிலும், நாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால், 445-ல் வரியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டியிருந்தது. வரி குறைய, படை குறைந்தது. படை குறைய, இன்னொரு மாகாணம் போனது. அதன் வரியும் போனது. 468-ல் கிழக்கும் மேற்கும் சேர்ந்து பெரும் கப்பற்படையை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பின. வாண்டல்கள் ஏவிய தீக்கப்பல்களில் அது அழிந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து ஓடோவாக்கர் என்ற தளபதி கடைசிப் பேரரசனான சிறுவன் ரோமுலஸை வீட்டுக்கு அனுப்பியபோது அவனுக்காகச் சண்டையிடச் சம்பளப்படை எதுவும் மிச்சமில்லை.

பின்விளைவும் இங்கேதான் மிகக் கொடியது. படைக்கும் தலைநகருக்கும் தானியம் ஏற்றிச் சென்ற கப்பல்களிலேயே வணிகரின் எண்ணெயும் மண்பாண்டமும் போயின. வரிக்கப்பல் நின்றதும் அந்த வணிகமும் வற்றியது. பிரிட்டனில் ஐந்தாம் நூற்றாண்டில் குயவர் சக்கரமே வழக்கொழிந்தது. ஒரு காலத்தில் பத்து லட்சம் பேர் வாழ்ந்ததாகக் கணிக்கப்படும் ரோம் நகரம் ஆறாம் நூற்றாண்டில் சில பத்தாயிரங்களுக்குச் சுருங்கியது.

குப்தர்களுக்கு வருவோம். இந்த வரிசையில் அவர்களை வைக்கும்போதே ஒரு எச்சரிக்கை தேவை. ஹானையோ ரோமையோபோல அவர்கள் தலைநகரிலிருந்து ஒவ்வொரு குடும்பத்தையும் எண்ணியவர்கள் அல்லர். சமுத்திரகுப்தரின் வெற்றிகளை அலகாபாத் தூணில் பொறித்த ஹரிசேணர் இதை மறைக்கவும் இல்லை. வடக்கே தோற்ற அரசர்கள் வேரோடு பிடுங்கப்பட்டார்கள்; தெற்கே காஞ்சியின் விஷ்ணுகோபன் உட்பட தோற்றவர்கள் பிடிக்கப்பட்டு, விடுவிக்கப்பட்டு, அவரவர் நாட்டிலேயே ஆள விடப்பட்டார்கள். எல்லைப்புற அரசர்கள் கப்பம் கட்டினார்கள், அரசவைக்கு வந்து வணங்கினார்கள். கங்கைச் சமவெளிக்கு வெளியே குப்தப் பேரரசு என்பது பெரும்பாலும் இந்த வணக்கம்தான். கோயில்களுக்கும் பிராமணர்களுக்கும் நிலத்தோடு வரி உரிமையையும் சேர்த்தே வழங்கிய செப்பேடுகள் அக்காலத்தில் பெருகின. இதைக் கொடைப் பெருமையாக மட்டும் படிப்பது போதாது. அரசு தன் வருவாயைத் தானே எழுதிக்கொடுத்ததும் இதில் இருக்கிறது.

இந்த ஆட்சி எப்படிக் கரைந்தது என்பதை மத்தியப் பிரதேசத்தின் ஏரண் காட்டுகிறது. 484-ஐ ஒட்டி மாத்ருவிஷ்ணு என்ற சிற்றரசர் தம்பி தன்யவிஷ்ணுவோடு சேர்ந்து அங்கே விஷ்ணுவுக்கு ஒரு கொடித்தூண் நிறுத்தினார். கல்வெட்டில் பேரரசராகக் குறிக்கப்படுபவர் புதகுப்தர். பின்னர் அண்ணன் இறந்தான். தம்பி அதே ஊரில் பிரம்மாண்டமான வராகச் சிற்பம் ஒன்றை எடுப்பித்தான். அதன் கல்வெட்டில் பேரரசர் பெயர் ஹூண அரசன் தோரமாணன். அதே குடும்பம், அதே ஊர், அதே விஷ்ணு. மேலே இருந்த பெயர் மட்டும் மாறியது. மிகிரகுலனை வென்று மந்தசோரில் தூண் நாட்டிய யசோதர்மனும், ஒரு காலத்தில் குப்தர்களுக்கு அடங்கியிருந்த ஔலிகரக் குடும்பத்தைச் சேர்ந்தவன்தான். குப்தர்கள் ஆளாத நாடுகளையும் நான் ஆள்கிறேன் என்று அவன் கல்லில் எழுதிவைத்தான்.

ஸ்கந்தகுப்தர் 455-ஐ ஒட்டி ஹூணர்களைத் திருப்பியடித்தார். அந்தப் போர்களின் செலவு பிற்காலக் குப்தர்களின் தங்க நாணயங்களில் தெரிகிறது. அவற்றில் தங்கம் பாதியளவுக்குத் தேய்ந்தது. ஆறாம் நூற்றாண்டின் நடுவில் வம்சம் மறைந்தபோது ரோமுக்கு நேர்ந்ததுபோன்ற இருள் இங்கே சூழவில்லை. ஹூணர் படைகள் வட இந்தியாவில் உலவிய நாட்களிலேயே, 499-ல், 23 வயது ஆரியபட்டர் பூமி தன் அச்சில் சுழல்வதையும் சைன் மதிப்புகளையும் எழுதினார். குப்தர் காலத்தில் எழுந்த நாளந்தா அவர்களுக்குப் பின்னும் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. வரியும் நீதியும் பாசனமும் ஏற்கெனவே உள்ளூரில் இருந்ததால், மேலே இருந்தது விழுந்தபோது கீழே இருந்தது அதிகம் ஆடவில்லை. ஆனால் பல வட இந்திய நகரங்கள் அக்காலத்தில் சுருங்கியதை அகழாய்வுகள் காட்டுகின்றன. லாட நாட்டிலிருந்து (தெற்கு குஜராத்) மந்தசோருக்குக் குடிபெயர்ந்து 436-ல் சூரியனுக்குக் கோயில் கட்டிய பட்டு நெசவாளர் குழுவினரில் பலர், 473-ல் அதைப் புதுப்பித்த காலத்தில் வில்வித்தை, சோதிடம் என வேறு தொழில்களில் இருந்ததை அவர்களின் கல்வெட்டே சொல்கிறது. தொலைதூர வணிகம் நலிந்ததன் அடையாளமாகப் பல அறிஞர்கள் இதைப் படிக்கிறார்கள். எனக்கும் அப்படியே தோன்றுகிறது.

சீனம் மறுபடி ஒன்றானதற்கு அதன் எழுத்து, கன்பூசியக் கல்வி, மக்கள் மனத்தில் பதிந்த ஒரே நாடு என்ற எண்ணம் ஆகியவற்றைக் காரணமாகச் சொல்வார்கள். அவை உண்மைதான். ஆனால் ரோமுக்கும் லத்தீன், சட்டம், திருச்சபை, பேரரசைப் பற்றிய ஏக்கம் எல்லாம் இருந்தன. எண்ணம் மட்டும் படை திரட்டாது. வேறுபாட்டை 485, 580 என்ற இரண்டு ஆண்டுகளின் நிகழ்ச்சிகளில் காணலாம். வட சீனத்தை ஆண்ட வட வெய் வம்சம் நாடோடி மரபில் வந்தது. 485-ல் அது நிலத்தை அரசின் பெயரில் எடுத்து, குடும்பத்தின் ஆட்களுக்கேற்பப் பகிர்ந்தளிக்கும் முறையைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே கிராமத் தலைவர்களை அமர்த்தி, பண்ணைகளில் ஒளிந்திருந்த குடும்பங்களைப் பதிவேட்டுக்கு இழுத்தது. அந்த வரியின்மீது நின்றே சுய் வம்சம் 589-ல் சீனத்தை ஒன்றாக்கியது. அதே நூற்றாண்டில், 580-ல், இன்றைய பிரான்சை ஆண்ட பிராங்குகளின் அரசன் சில்பெரிக்கின் மகன்கள் வயிற்றுக்கடுப்பு நோயில் விழுந்தார்கள். ஏழைகளின் கண்ணீரே காரணம் என்று அஞ்சிய அரசி பிரெடிகுண்ட் வரிப்பதிவேடுகளைத் தீயில் போட்டாள். கணவனையும் போடச் செய்தாள். அவளது துயரத்தை எண்ணினால் மனம் இளகுகிறது. ஆனால் அந்த அரசனால் அதைச் செய்ய முடிந்தது என்பதைக் கவனியுங்கள். அவனுடைய வீரர்கள் நிலத்தில் வாழ்ந்தார்கள். பதிவேடு இல்லாமலும் அவன் அரசனாகவே இருந்தான். சீன அரசன் எவனும் அதைச் செய்துவிட்டு அடுத்த ஆண்டை ஆண்டிருக்க முடியாது.

காலநிலை, கொள்ளைநோய் பற்றியும் இப்போது அதிகம் எழுதப்படுகிறது. அவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 541-ல் தொடங்கிய பிளேக் முதலில் வதைத்த பெருநகரங்களுள் ஒன்று கான்ஸ்டான்டிநோபிள். அந்த அரசு சாகவில்லை. என் வாதத்துக்குக் கடினமான சோதனையும் கிழக்கு ரோம்தான். 618-ல் தலைநகரின் இலவச ரொட்டி நின்றது. 630-களிலும் 640-களிலும் சிரியாவும் எகிப்தும் நிரந்தரமாக அரபுகளிடம் போயின. மேற்கு ரோம் இழந்ததைவிட இது சிறிய இழப்பன்று. ஆனாலும் அது மேற்கைப்போலக் கலையவில்லை. வீரர்களின் சம்பளத்தைக் குறைத்து அவர்களை அனத்தோலிய மாவட்டங்களில் குடியமர்த்தியது. மிஞ்சிய நிலத்தில் பதிவேட்டை விடாமல் பேணி வரி வாங்கியது. 674-க்குப் பின்னும் 717-லும் வந்த அரபு முற்றுகைகளைத் தாங்கியது. நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் வெளியிட்ட தங்க நாணயத்தின் தரத்தைப் பதினோராம் நூற்றாண்டு வரை அது குறைக்கவே இல்லை.